சர்க்கார் கொடுத்த வாக்கும் ஆலையின் கதவும்

ஒரு சர்க்கார் தன் பிரஜைகளுக்குக் கொடுக்கும் வாக்குக்கும், உலகத்தின் முன்னிலையில் கொடுக்கும் வாக்குக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், இருக்கக் கூடாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் அனுபவத்தில் காண்பது வேறு. தேர்தல் காலத்தில் கொடுத்த வாக்கை ஜனங்கள் நினைவில் வைத்திருந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது கணக்குக் கேட்கிறார்கள். ஜினிவாவில் கொடுத்த வாக்கையோ, அது கொடுக்கப்பட்டதென்றே நம்மிற் பெரும்பாலோர் அறியோம். அறியாத வாக்கைப் பற்றிக் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாத வாக்கைக் காப்பாற்றுவது எந்தச் சர்க்காருக்கும் அவசரமான காரியமாகத் தோன்றுவதுமில்லை. அப்படிப்பட்ட வாக்கு ஒன்றைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுகிறோம்.

1949-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி, சுதந்திர இந்தியாவின் பாக்டரிச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆறு நாள் கழித்து, அதே மாதம் 7-ந் தேதி, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 81-வது ஒப்பந்தத்தை நமது சர்க்கார் ஊர்ஜிதம் செய்தனர். நமது அரசியல் சட்டம் நிறைவேறுவதற்கு இன்னும் ஏழு மாதங்களுக்கு மேல் இருந்தன. 1947-ல் ஜினிவா மகாநாட்டில் நிறைவேறிய அவ்வொப்பந்தம், இரண்டு தேசங்கள் ஊர்ஜிதம் செய்து பன்னிரண்டு மாதமான பிறகே அமலுக்கு வரும் என்பது விதி. அது அமலுக்கு வந்த நாள் 1950 ஏப்ரல் 7. அதாவது, இந்தியாவின் உறுதி பதிவான தினத்திலிருந்து சரியாக ஒரு வருஷம். உலக முழுவதுக்கும் பொதுவான ஒரு விதிக்கு உயிர் கொடுத்த தேசங்களில் நமது தேசமும் ஒன்று என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பெருமை கொள்ளும் வாய், அந்த வாக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் கூறுவது என்ன?

இதன் பெயர் தொழிற்சாலைப் பரிசோதனை ஒப்பந்தம். பெயரில் கவர்ச்சி ஒன்றுமில்லை. கூலி உயர்வு, போனஸ், விடுமுறை என்று தொழிலாளி உற்சாகத்தோடு வரவேற்கக் கூடியது எதுவும் இதில் இல்லை. ஆனால் அவை யாவும் உண்மையில் அவன் கைக்கு வந்து சேருமா என்பது இதையே பொறுத்திருக்கிறது. சட்டசபையில் நிறைவேறிய சட்டத்துக்கும், ஆலைக்குள் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைச் சர்க்காரின் சார்பில் திறந்துகொண்டு உள்ளே செல்லும் உத்தியோகஸ்தர் எத்தகையவராக இருக்க வேண்டும், அவருக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்பதையே இவ்வொப்பந்தம் வகுத்துக் கூறுகிறது.

இதன் 12-வது ஷரத்தின்படி, இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பு எதுவுமின்றி, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும், சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் தடையின்றிச் செல்லலாம். தொழிலாளரைத் தனியே அழைத்து விசாரிக்கலாம். கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உபயோகத்திலுள்ள சரக்குகளில் மாதிரி எடுத்துச் செல்லலாம். உயிருக்கோ உடல் நலத்துக்கோ அபாயம் நெருங்கியிருக்கக் கண்டால், அதை நீக்குவதற்கு உடனே அமலாகும் உத்தரவு பிறக்க வழியிருக்க வேண்டும் என்கிறது 13-வது ஷரத்து. தாம் பரிசோதிக்கும் ஆலைகளில் இன்ஸ்பெக்டருக்கு லாபமோ சம்பந்தமோ இருக்கலாகாது என்றும், புகார் செய்தவர் யார் என்பதை அவர் வெளியிடலாகாது என்றும் 15-வது ஷரத்து விதிக்கிறது. புகாரினால்தான் வந்தேன் என்று முதலாளியிடம் குறிப்பாகச் சொல்வதும் கூடாது. சட்டத்தை மீறியவர்மீது எச்சரிக்கையின்றியே வழக்குத் தொடர இடமுண்டு என்றும், எச்சரித்து விடுவதா வழக்குத் தொடர்வதா என்பது இன்ஸ்பெக்டரின் விவேகத்தைச் சேர்ந்தது என்றும் 17-வது ஷரத்து கூறுகிறது.

இவ்வளவு அதிகாரமும் ஒருவர் கையில் தரப்படுவதால், அவருடைய நிலைமையையும் ஒப்பந்தம் கவனிக்கிறது. அவர் ஸ்திரமான உத்தியோகத்தில் உள்ளவராகவும், மந்திரிசபை மாறுவதாலோ வெளியாரின் தகாத செல்வாக்கினாலோ அசைக்கப்படாதவராகவும் இருக்க வேண்டும். இத்தகையோர் வேலைக்குப் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அவர்கள் எத்தனை பேர், எத்தனை இடங்களைப் பார்த்தனர், என்ன குற்றங்கள் கண்டனர், என்ன தண்டனை விதிக்கப்பட்டது, எத்தனை விபத்துக்கள் நேர்ந்தன என்பதையெல்லாம் வருஷந்தோறும் அறிக்கையாகப் பிரசுரிக்க வேண்டும். வருஷம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அது வெளிவந்தாக வேண்டும்.

வாக்குக் கொடுக்கும்போது, வியாபார ஸ்தலங்களைப் பற்றிய இரண்டாம் பகுதியை நமது சர்க்கார் விலக்கிக்கொண்டனர். அதற்கு இடமுண்டு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் தொழிற்சாலைகளைப் பற்றிய முதற் பகுதியில் ஒரு வரியும் விலக்கப்படவில்லை. மேலே கூறியவை அத்தனையும் நமது சர்க்கார் ஏற்றுக்கொண்ட கடமைகளே.

இன்ஸ்பெக்டர் இல்லாத சட்டம்

முன்னறிவிப்பில்லாமல் செல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்கக் கூடும். விருந்தாளி வருவதாகச் சொல்லியனுப்பினால் எந்த வீடும் கூட்டிப் பெருக்கிக் கோலமிட்டுத்தான் இருக்கும். அன்று மட்டும் அவசர வழிகளின் பூட்டுக்கள் திறந்திருக்கும். இயந்திரங்களுக்கு மறைப்புத் தட்டிகள் மாட்டப்பட்டிருக்கும். வயது குறைந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மறு நாள் எல்லாம் பழையபடி. தொழிலாளி அன்றாடம் எந்த நிலையில் உழைக்கிறானோ அந்த நிலையில் அவனைக் காண்பதற்குச் சொல்லாமல் செல்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இது வெறும் யூகமல்ல. சரித்திரம் கண்ட உண்மை. ஆலைத் தொழிலுக்குத் தாயகமான இங்கிலாந்தில் 1802-லேயே ஆலைப் பிள்ளைகளைக் காக்க ஒரு சட்டம் வந்தது. அதை நடத்தி வைக்கும் பொறுப்பு, சம்பளமில்லாத உள்ளூர்க் கௌரவ மாஜிஸ்டிரேட்டுகளைச் சார்ந்த காரியமாக விடப்பட்டது. 1819-ல் மற்றொரு சட்டம் வந்தது. இரண்டும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தன. 1833-ல் சர்க்கார் சம்பளம் பெறும் இன்ஸ்பெக்டர்கள் நால்வர் நியமிக்கப்பட்ட பிறகே, ஆலைச் சட்டம் என்ற ஒன்று இருக்கிறதென்பதை ஆலை முதலாளிகள் உணரலாயினர். அந்நால்வரில் ஒருவரான லெனார்டு ஹார்னர் கால் நூற்றாண்டுக் காலம் எழுதிய அறிக்கைகள், ஆலைக்குள் நடந்ததை நாட்டுக்கு அறிவித்தன. ஒரு தேசம் முழுவதற்கும் நான்கு பேர் போதாதென்பது வெளிப்படை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் ஒருவரும் இல்லாத முப்பது வருஷம் சாதிக்காததை, நான்கு பேர் இருந்த சில வருஷங்கள் சாதிக்கத் தொடங்கின.

அந்நியர் சூழ்ச்சியா?

சர்வதேச விதிகள் என்றாலே, நமது தொழில் வளர்ச்சியைக் கண்டு பொறாமை கொண்ட அந்நியர்கள் நம்மைக் கட்டிப்போடச் செய்யும் சூழ்ச்சி என்று கூறுவோர் உண்டு. இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. இதற்குப் பழைய காரணமும் உண்டு. 1881-ல் இந்தியாவின் முதற் பாக்டரிச் சட்டம் வந்தபோது, அதற்காக அதிகமாகக் கூக்குரலிட்டவர்கள் லங்காஷயர் ஆலை முதலாளிகளே. பம்பாய்த் துணியின் போட்டியைக் குறைக்க வேண்டுமென்பது அவர்களுடைய கவலை. பம்பாய்ப் பிள்ளைகளின் உடல்நலத்தில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை இருந்ததோ நாம் அறியோம். அதனால் அக்காலத்துத் தேசியப் பத்திரிகைகள் பல அச்சட்டத்தை எதிர்த்தன. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்பவன் நோக்கம் கெட்டதென்பதால் சொல்லப்பட்ட விஷயம் பொய்யாகிவிடாது. ஏழு வயதுக் குழந்தையை ஆலையில் நிறுத்தலாகாது என்பதை லங்காஷயர் சொன்னாலும் அது உண்மையே. 1884-ல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே தொழிலாளரைத் திரட்டி, ஞாயிறு விடுமுறையும் பிற சௌகரியங்களும் கோரி விண்ணப்பம் தயாரித்தபோது, அந்தக் குரல் மான்செஸ்டரிலிருந்து வந்ததல்ல, நம்மவர் குரலே.

நமது நாட்டில் தேசிய இயக்கம் இந்த உண்மையை விரைவில் கண்டுகொண்டது. 1908-ல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று கூலி உயர்வையும் விடுமுறையையும் பெற்றுத் தந்தார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது ஸ்ரீ பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் முன்னின்றார்கள். சுயராஜ்யம் என்பது ஆலையின் வாசலோடு நின்றுவிடுவதன்று என்று அப்பெரியோர்கள் அன்றே கருதினார்கள்.

இதைவிட முக்கியமான உதாரணம் ஒன்று உண்டு. 1919-ல் வெர்ஸேல்ஸ் சமாதான உடன்படிக்கையின் பயனாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பிறந்தது. அவ்வருஷமே வாஷிங்டனில் கூடிய முதல் மகாநாடு, வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்று தனது முதல் ஒப்பந்தத்தில் தீர்மானித்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று அதில் தனி ஷரத்து ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்படி நமது தொழிலாளிக்கு 60 மணி. 1921-ல் இந்திய சர்க்கார் ஊர்ஜிதம் செய்ததும், 1922-ல் சட்டத்தில் வந்ததும் அந்த 60 மணிதான். 1934-ல் அது நிரந்தரப் பாக்டரிகளில் 54 ஆயிற்று. சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் 48 ஆயிற்று. 1948-ம் வருஷச் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அன்று நமக்கு அவமானமாக இருந்தது எது? சர்வதேச விதியா, அதிலிருந்து நமக்கு அளிக்கப்பட்ட விலக்கா? அடிமை நாட்டின் தொழிலாளிக்கு அடிமையின் அளவுகோல் போதும் என்று கூறியது அந்த விலக்கு. உலகத்தாருக்குப் பொதுவான அளவுகோலை நமக்கும் பொதுவாக்கியது சுதந்திரம். அப்படியிருக்க, இன்று நமது சர்க்காரே, நமது நாட்டின் நிலைமை வேறு, நமக்குச் சற்றுத் தளர்வு வேண்டும் என்று கேட்பார்களானால், அது தேசாபிமானம் ஆகாது. 1919-ல் அந்நியர் நமக்கு எழுதிவைத்த விலக்கை நாமே நம் கையால் மறுபடி எழுதிக்கொள்வதாகும்.

1996-ல் சிங்கப்பூரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மந்திரிகள் மகாநாடு நடந்தபோது, தொழிலாளர் விதிகளை வியாபார ஒப்பந்தங்களோடு பிணைக்கலாகாது என்று இந்தியா முதலிய நாடுகள் உறுதியாக நின்றன. பணக்கார நாடுகள் தங்கள் சந்தையை மூடிக்கொள்ள அது ஒரு சாக்காகும் என்றன. தொழிலாளர் விதிகளுக்குத் தகுந்த இடம் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமே என்று அம்மகாநாடு ஒப்புக்கொண்டது. அந்த நிலைமை சரியானதே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அந்த இடம்தான் தகுந்த இடம் என்று வாதாடி வென்றவர்கள், அந்த இடத்தில் கொடுத்த வாக்கை மற்றவர்களைவிட அதிக கவனமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

இன்றைய நிலைமை

2014 அக்டோபரில் மத்திய சர்க்கார் தங்கள் பரிசோதனை முறையை மாற்றினர். எந்த ஸ்தலத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் செல்வது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் தீர்மானிக்கும் ஏற்பாடு வந்தது. பார்வையிட்ட 72 மணி நேரத்துக்குள் அறிக்கையைப் பதிவு செய்ய வேண்டுமென்ற விதியும் வந்தது. பிறகு, இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களைத் திரட்டி நான்கு சட்டத் தொகுப்புகள் செய்யப்பட்டன. கூலியைப் பற்றியது 2019-லும், மற்ற மூன்றும் 2020-லும் பார்லிமெண்டில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தனர். இவற்றில் இன்ஸ்பெக்டர் என்ற உத்தியோகஸ்தர், பரிசோதகராகவும் முதலாளிகளுக்கும் தொழிலாளருக்கும் வசதி செய்து கொடுப்பவராகவும் இரட்டைப் பெயர் பெற்றிருக்கிறார்.

பெயர் மாற்றத்தை நாம் பெரிதாகக் கருதவில்லை. ஆலோசனை கூறுவதும் இன்ஸ்பெக்டரின் வேலையே என்று 81-வது ஒப்பந்தமே கூறுகிறது. நாம் கவனிப்பது அதிகாரத்தையும் எல்லையையும்தான். கூலித் தொகுப்பின்படி, முதல் முறை குற்றம் கண்டால் வழக்குத் தொடருமுன், குறித்த காலத்துக்குள் சரிசெய்துகொள்ளும்படி முதலாளிக்கு எழுத்து மூலம் சந்தர்ப்பம் கொடுத்தாக வேண்டும். எச்சரிப்பதா வழக்குத் தொடர்வதா என்பதை இன்ஸ்பெக்டரின் விவேகத்துக்கு விட்டது ஒப்பந்தம். சட்டமோ அந்த விவேகத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. பாக்டரி என்ற சொல்லின் எல்லையும் சுருங்கியது. 1948-ம் வருஷச் சட்டத்தில், இயந்திர சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் அது பாக்டரி. புதிய தொகுப்பில் அவை 20, 40 என்று ஆயின. பத்துப் பேர் வேலை செய்யும் இடங்களுக்கும் பொதுவான சில பாதுகாப்பு விதிகள் உண்டென்பது உண்மையே. ஆனால் பாக்டரிக்கு உரிய முழுக் காவல் அங்கே இல்லை. சிறு பட்டறைகளே நிறைந்த நமது நாட்டில் இது சிறிய மாறுதல் அன்று.

ஜினிவாவில் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு நாடும் அனுப்பும் அறிக்கைகளை ஆராய 1926 முதல் அங்கே நிபுணர் கமிட்டி இருக்கிறது. அக்கமிட்டி இந்தியாவின் பரிசோதனை முறையைப் பற்றிப் பன்முறை விளக்கம் கேட்டிருக்கிறது. 2019-ல், ஸ்தாபனத்தின் நூற்றாண்டு மகாநாட்டிலேயே, 81-வது ஒப்பந்தத்தை இந்தியா அனுசரிக்கும் விதம் விவாதத்துக்கு வந்தது. முன்னறிவிப்பின்றிப் பார்வையிடவும் வழக்குத் தொடரவும் இன்ஸ்பெக்டர்களுக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டுமென்று அங்கே வற்புறுத்தப்பட்டது. அந்த ஒப்பந்தத்துக்கு முதலில் உயிர் கொடுத்தவர்களுள் ஒருவரான நாம், எழுபது வருஷத்துக்குப் பிறகு அதைப் பற்றியே பதில் சொல்லி நின்றது நமக்குக் கௌரவமான காட்சி அன்று.

லஞ்சம் என்ற வாதம்

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுவதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் ஆலைக்கு வருவது சட்டத்தைக் காப்பாற்ற அல்ல, மாமூல் வாங்க என்கிறார்கள். ஒரு சிறு பட்டறைக்காரன் பல துறைகளின் உத்தியோகஸ்தர்களுக்கும் தலைவணங்கித் தவிக்கிறான் என்கிறார்கள். இதில் உண்மை இல்லையென்று நாம் கூறமாட்டோம். குலுக்கல் முறையினால் ஒரே உத்தியோகஸ்தர் ஒரே ஆலையைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது குறையும் என்பதும், அறிக்கையை உடனே பதிவு செய்வதால் பிறகு மாற்றி எழுத முடியாதென்பதும் நல்ல அம்சங்களே.

ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் வேலியைத் திருத்த வேண்டும். வேலியே வேண்டாமென்று வயலைத் திறந்துவிடுவது விவசாயியின் அறிவாகாது. லஞ்சத்துக்கு மருந்து 81-வது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஸ்திரமான உத்தியோகம், வெளிச் செல்வாக்கிலிருந்து விடுதலை, போதிய ஆட்கள், பிரயாண வசதி, எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்ததையும் கண்டதையும் வருஷந்தோறும் ஜனங்கள் முன் பிரசுரிக்கும் கடமை. இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு நோய் தீரவில்லையென்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோம். மருந்தைக் கொடுக்காமலே நோயாளியைக் கைவிடுவதை எவ்வாறு ஒப்புவது?

குலுக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. குலுக்கலுக்குக் கண் இல்லை. எந்தக் கொட்டகையில் இன்று அளவுக்கு மீறி வெடிமருந்து குவிந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது உள்ளே வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியும். அவள் பயமின்றிச் சொல்வதற்கும், சொன்ன அன்றே ஒருவர் வந்து பார்ப்பதற்கும் வழி இல்லையென்றால், எத்தனை குலுக்கினாலும் பயன் என்ன?

சுவரில் விழுந்த விரிசல்

2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டனர். அந்த இடத்தின் லைசென்ஸ், விதிகளை மீறியதற்காக ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தது. காகிதத்தில் நிறுத்தப்பட்டது கொட்டகையில் நிற்கவில்லை. குற்றத்தைக் கண்டால் மட்டும் போதாது, உத்தரவு உடனே அமலாக வேண்டும் என்று 13-வது ஷரத்து கூறுவதன் பொருள் இதுவே.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகு 1987-ல் பாக்டரிச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களுக்குத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. விபத்துக்கு மறுநாள் மந்திரி வருகிறார், உபகாரத் தொகை அறிவிக்கப்படுகிறது, கமிட்டி நியமிக்கப்படுகிறது. விபத்துக்கு முந்திய நாள் வந்திருக்க வேண்டியவரைப் பற்றி மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை.

அயல் நாடான வங்காள தேசத்தின் கதை நமக்கு இன்னும் தெளிவான பாடம். அந்நாடு சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1972-ல், 81-வது ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்தது. 2013 ஏப்ரல் 23-ந் தேதி, டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் விரிசல்கள் காணப்பட்டன. அதே கட்டிடத்தில் இருந்த பாங்கு தன் சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையற் தொழிலாளர் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அன்று கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். நாற்பது வருஷத்துக்கு முன் செய்த கையெழுத்து ஒரு தூணையும் தாங்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே சென்று, இன்று ஒருவரும் இங்கே ஏறக் கூடாது என்று சொல்லித் தடுக்கத்தக்க அதிகாரி ஒருவர் அன்று காலை அங்கே இல்லை.

அந்தப் பேரழிவுக்குப் பின், தொழிற்சங்கங்களும் அந்நியத் துணிக் கம்பெனிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் சுயேச்சையான பரிசோதகர்களால் பார்வையிடப்பட்டன. ஒவ்வோர் ஆலையைப் பற்றிய அறிக்கையும் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. கதவுகளும் படிகளும் மின்சாரக் கம்பிகளும் பழுது பார்க்கப்பட்டன. செய்ய முடியாத காரியம் அன்று. செய்ய மனமில்லாத காரியமே என்பது இதனால் நிரூபணமாயிற்று.

நமது கடமை

சர்க்காருக்கு நாம் கூற விரும்புவது சுருக்கமானது. புகார் வந்த இடத்துக்கும், அபாயகரமான தொழில் நடக்கும் இடத்துக்கும் முன்னறிவிப்பின்றிச் செல்லும் அதிகாரத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சட்டத்திலும் விதிகளிலும் எழுத வேண்டும். எச்சரிப்பதா வழக்குத் தொடர்வதா என்ற விவேகத்தை இன்ஸ்பெக்டருக்கே திரும்பக் கொடுக்க வேண்டும். காலியாக உள்ள இன்ஸ்பெக்டர் பதவிகளை நிரப்ப வேண்டும். மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்கார்களும் சேர்ந்து, வருஷா வருஷம், முழுக் கணக்குடன் அறிக்கையைப் பிரசுரிக்க வேண்டும். கொடுத்தது மத்திய சர்க்காரின் வாக்கு, நடத்துவது ராஜ்ய சர்க்காரின் வேலை என்று ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைத் தள்ளுவது தகாது. சர்வதேச ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் செய்யும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 253-வது விதி பார்லிமெண்டுக்குக் கொடுத்திருக்கிறது. வாக்குக் கொடுத்தது இந்தியா. அதைக் காக்க வேண்டியதும் இந்தியாவே.

ஆனால் சர்க்காரை மட்டும் குறைகூறி முடிப்பது நமது நோக்கமன்று. தேச ஊழியர்களுக்கும் சங்கத் தொண்டர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர்ஜிதம் செய்த ஒப்பந்தங்களைப் பற்றிச் சர்க்கார் ஜினிவாவுக்கு அனுப்பும் அறிக்கையின் பிரதியை முக்கியத் தொழிலாளர் ஸ்தாபனங்களுக்கும் அனுப்ப வேண்டுமென்பது அந்த ஸ்தாபனத்தின் சாஸனத்தில் 23-வது ஷரத்து. அதைப் பெற்றுப் படித்து, தாம் அறிந்த உண்மையைச் சங்கங்கள் எழுதியனுப்பலாம். ஒப்பந்தம் மீறப்பட்டால் தொழிலாளர் சங்கமே நேரில் முறையிட 24-வது ஷரத்து இடமளிக்கிறது. உள்நாட்டில், நமது ஜில்லாவில் எத்தனை பாக்டரிகள், எத்தனை இன்ஸ்பெக்டர்கள், சென்ற வருஷம் எத்தனை முறை பார்வையிட்டனர் என்று, 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒருவர் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, வந்த பதிலை ஊரறியச் செய்தால், மேடையில் பத்துப் பிரசங்கம் செய்வதைவிடப் பலன் அதிகமிருக்கும்.

நாளைக் காலை இந்நாட்டில் கோடிக்கணக்கான ஆண்களும் பெண்களும் கையில் சாப்பாட்டுத் தூக்குடன் ஏதோ ஒரு வாசலைக் கடந்து வேலைக்குச் செல்வார்கள். அந்த வாசலுக்குள் அவர்கள் தனியாக இல்லை, உங்கள் பின்னால் நானும் வருவேன் என்று 1949 ஏப்ரல் 7-ந் தேதி அவர்களுடைய சர்க்கார் உலகறிய வாக்குக் கொடுத்தனர். அந்த வாக்கை அவர்கள் நினைவில் வைத்திருக்கவில்லையென்றால், நினைவூட்ட வேண்டியது நாம்.